தாங்கும் நேரம்

படிவத்தின் நான்காவது கட்டம் கேட்கிறது:
இது நின்றுபோனால்
எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்?

தேர்வுப் பிரிவு நான்கு என்று எழுதியது.
நூலகம் மூன்று நாள்.
கடலுயிரியல் உறைபெட்டி ஆறு மணி,
கதவை யாரும் திறக்காவிட்டால்.
விடுதிச் சமையல் மதியம் வரை.
தமிழ்த்துறை மட்டும்
இரண்டாயிரம் ஆண்டு தாங்கியாயிற்று என்று எழுதி
முத்திரையும் குத்தியிருந்தது.
சிரித்துவிட்டு அதையும் கோப்பில் சேர்த்தேன்.

ஐந்தாவது கட்டம், மீட்டெடுப்பவர்.
இருபத்திரண்டு துறை
இருபத்திரண்டு கையெழுத்து
ஒரே பெயர்: தாசையன்.
ஒருவர் ஜெனரேட்டர் அண்ணன் என்று எழுதியிருந்தார்,
பெயர் தெரியாமல்.
ஆறாவது கட்டம், அவர் இல்லாவிட்டால்.
எல்லாம் வெள்ளை.

சம்பளப் பட்டியலில் தேடினேன். இல்லை.
தினக்கூலிப் பதிவேட்டில், தோட்டப் பராமரிப்பின் கீழே கிடைத்தார்.
பதினான்கு வருடமாக
காகிதத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

திட்டத்துக்கு முன்னுரையாகப் போன புயலின் அறிக்கை வேண்டுமாம்.
கேள்வி எட்டு:
டீசல் இரண்டு பீப்பாய் இருந்தும்
சர்வர் பதினொரு மணி நேரம் நின்றது
யாருடைய உத்தரவில்?

வேர்க்கிளம்பிச் சாலை முழுக்க
ரப்பர் மரங்கள் ஒடிந்து பால் வடித்துக் கிடந்த
அந்த ராத்திரியைக் கேட்க
ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனேன்.

"சர்வரு அழாது சாரே.
லேடீஸ் ஹாஸ்டல்ல வள்ளவிளைப் பிள்ளைய, தூத்தூர்ப் பிள்ளைய,
நாப்பத்தொண்ணு போனும் செத்துக் கெடக்கு.
அப்பம்மாரு கடல்ல.
எவனாவது கரை ஏறி விளிச்சா
எடுக்கதுக்கு இங்க ஒரு போன் வேண்டாமா?
லைன அங்கோட்டுத் திருப்பினேன்.
உத்தரவா?
ராத்திரி ரெண்டு மணிக்கு யாருட்ட போய்க் கேக்க?"

எத்தனை போன் அடித்தது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.
அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

உள்ளதை எழுதினால்
நாளையே புல் வெட்டுகிற ஆள் ஒருவர் குறைவார்.
எழுதாமல் விட்டால்
அடுத்த புயலில் இந்தப் பதினேழு பக்கமும்
ஸ்பைரல் பைண்டிங் போட்ட வெற்றுத்தாள்.

எட்டாம் கேள்விக்கு 'மின்பாதை மாற்றம்' என்று
செய்தவர் இல்லாத ஒரு வாக்கியம் செய்தேன்.
அலுவலகத் தமிழுக்கு அது கைவந்த கலை.
பிறகு முன்னுரிமைப் பட்டியலில்
சர்வருக்கு மேலே ஒரு வரி ஏற்றினேன்:
மகளிர் விடுதி, கீழ் வராந்தா, ஆறு பிளக் பாயிண்ட்.
தாங்கும் நேரம் என்ற இடத்தில்
கர்சர் வெகுநேரம் மினுங்கியது.
பூஜ்யம் என்று அடித்தேன்.

குழு கூடியது.
முனைவர் ரசலையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"பிளக் பாயிண்டா?" என்று ஆரம்பிக்க,
கரண்ட் போயிற்று.

இருட்டில் யாரும் பேசவில்லை.
இருபத்திரண்டு துறைத்தலைவர்களும்
ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு
ஆளுக்கு ஒரு கணக்கில் எண்ணினார்கள்.
நான் இருபத்தாறு வரை போனேன்.

தூரத்தில் ஒரு இருமல்.
இன்னொன்று.
அப்புறம் பற்றிக்கொண்ட சத்தம்.

"சரி, அடுத்த பக்கம்" என்றார் ரசலையன்.
அடுத்த பக்கத்தில்தான் ஆறாவது கட்டம்.