பராமரிப்பு நேரம்

கடைசி ரயில் போனதும்
மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு
சுரங்கத்துக்குள் இறங்குவது என் வேலை.
பதினேழு வருடம்.
கையில் விளக்கு, சட்டைப்பையில் மஞ்சள் சுண்ணக்கட்டி.

நொவீனாவில் இன்று காலை
என்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.
"சிகரெட் பிடிப்பீங்களா?"
பலதுறை மருந்தகத்தில் கேட்டார்கள், ஸ்கேன் அறையில் கேட்டார்கள்.
இல்லை.
"வீட்டில் யாராவது?"
அவர் வெற்றிலைகூடப் போடமாட்டார்.
தாதி ஆன்சி, நாகர்கோவில்காரி,
எழுதிக்கொண்டே சொல்கிறாள்:
"பிடிக்காதவங்கதான் இங்க நிறைய வராங்கக்கா, பொம்பளைங்க."
ஆறுதலா அது என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாத இருமல்.
ஏர்கான் என்றேன்.
சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் என்றேன்.
சுரங்கத் தூசி என்று மட்டும்
மேலாளரிடம் வாய் திறக்கவில்லை.

தொண்டையில் மருந்து அடித்தார்கள்; கசப்பு,
பிறகு நாக்கு யாருடையதோ.
பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம்.
டாக்டர் கோக் குழாயைத் தூக்கிக் காட்டினார்,
பென்சிலைவிட ஒல்லி, நுனியில் ஒரு வெளிச்சம்.
உள்ளே போய்ப் பார்ப்போம், கொஞ்சம் கிள்ளி எடுப்போம் என்றார்,
கீரைக்காரியைப் போல.

மயக்கம் பாதிதான் பிடித்தது. அல்லது கனவு.
திரையில்
ஈரமாய், இளஞ்சிவப்பாய் ஒரு சுரங்கம்,
எங்கள் கான்கிரீட் போலவே வளையம் வளையமாய்ப்
போய் இரண்டாகப் பிரிகிறது.
இந்த இடம் எனக்குத் தெரியும்.
இங்கேதான் நானும் ஒரு நொடி நிற்பேன்.
வலப்பக்கம் திரும்பினார்.
சரிதான்,
கசிகிற பக்கம் முதலில்.

குட்டி இடுக்கி வாயைத் திறந்தது.
மூடியது.

எழுந்தபோது பதினொன்று.
இரண்டு மணிநேரம் தண்ணீர்கூடக் கூடாது.
கைக்குட்டையில் சிவப்பாய் ஒரு கீற்று, அது இருக்கும்தானாம்.
முடிவு அடுத்த வியாழன்.

விரிசலைக் கண்டதும் நாங்கள் ஓடுவதில்லை.
சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் தேதி.
மறுமுறை போகும்போது
வட்டத்தைத் தாண்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்போம்.
தாண்டியவை உண்டு.
உள்ளேயே நின்றுபோன நாலைந்தின் எண்கள்
எனக்கு மனப்பாடம்.

ஒரு மணி.
ஆன்சி காகிதக் குவளையில் ஒரு வாய் தண்ணீர் தருகிறாள்.
"மெதுவாக்கா, புரையேறிடப் போகுது."
விழுங்கினேன்.
எந்த வழியில் போக வேண்டுமோ
அந்த வழியில் போனது.