ஆண்டுக் கட்டணம்

நவம்பர் பிறந்தால் பில் வந்துவிடும்.
போன வருஷம் எழுநூற்று இருபது ரிங்கிட்,
இந்த முறை எண்ணூறு.
குளிருக்கும் விலை ஏறுகிறது பினாங்கில்.

மூன்று என்று அச்சடித்திருக்கிறார்கள்.
மூன்று பேர் என்று இல்லை.

பாயான் லெப்பாஸில் சிப் செய்கிற தொழிற்சாலையில்
கஸ்பாருக்கு ராத்திரி ஷிப்ட்.
கண் மட்டும் தெரிய வெள்ளை உடுத்தி
தூசி புகாத அறையில்
தேறியதை ஒரு தட்டிலும்
தேறாததை ஒரு தட்டிலும் போடுகிற வேலை.
கிளினிக்கில் மிஸ் கோர் திரையைக் காட்டி
'இது ஏ கிரேடு' என்றபோது
அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.
பார்த்தேன்.
பார்க்காத மாதிரி அடுத்த ஊசியின் தேதியைக் கேட்டேன்.

காரில் சொன்னார்:
'இங்கயும் தூசி இல்லாத ரூம்தான், மெற்றில்டா.'
அவ்வளவுதான்.
பர்மா ரோடு சிக்னலில் பச்சை விழுந்தும்
வண்டி நகரவில்லை.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம்
ஜூலை தோறும் பாலம் கடந்து
புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாளிடம் போனோம்.
கூட்ட நெரிசலில் மெழுகு சொட்டிக் கை வெந்தது.
நீயும் காத்திருந்து காத்திருந்து நரைத்தவள்தானே,
உனக்குமா தெரியாது என்று
ஒரு தடவை சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தெக்லா பிறந்தாள்.

எப்படி என்று இஞ்ஞாசி சாமியார் கேட்கவில்லை.
தலையில் தண்ணீர் ஊற்றினார், அவள் தும்மினாள்,
அவர் சிரித்தார்.
அதே மனிதரிடம்தான் போன தவக்காலத்தில்
மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு
எல்லாவற்றையும் கொட்டினேன்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
பிள்ளை வரம், பாத்தியதை அல்ல;
இரண்டு பேரின் உடல் கேட்கிற இடத்தில்
மூன்றாவது கை நுழைந்து செய்து தருகிற
பொருளும் அல்ல என்றார் மெதுவாக.
உதிப்பது வேறு, உண்டாக்குவது வேறு.
ஞாயிறு தோறும் எழுந்து நின்று
நான் சொல்கிற வார்த்தைகள்தான்.
வாய் எப்போதும் அவற்றைத் தாண்டி ஓடியிருக்கிறது.

அப்போ அந்த மூணு பேரை என்ன செய்றது, சாமி?

வெகு நேரம் மின்விசிறியின் சத்தம்.
'தெரியலைம்மா' என்றார்.
'அழிக்கச் சொல்ல மாட்டேன்.
எவ்வளவு காலம் வைக்கிறதுன்னும் சொல்லத் தெரியல.'
அந்தத் தெரியலைக்காகத்தான்
இன்னமும் அவரிடமே போகிறேன்.

மனஸ்தாப மந்திரம் பாதியில் நின்றது.
முழு மனதோடு என்ற இடம் வந்ததும்
மூன்றாவது பெஞ்சில் தெக்லா
சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலாட்டுவது கேட்டது.
அவளை எங்கே இறக்கி வைத்துவிட்டு நான் வருந்த?

நேற்று கல்லறைத் திருநாள்.
வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் விட்டு விட்டு மழை.
மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று,
பக்கத்தில் யாரும் வராத ஒரு கல்லுக்கு ஒன்று.
பெட்டியில் மூன்று மிஞ்சியது.
செத்தவர்களுக்குக் கல்லின் மேல் ஏற்றுகிறோம்,
பிறந்தவர்களுக்குக் கேக்கின் மேல்.
இவர்கள் எதிலும் இல்லை.
ஞானஸ்நானத்துக்கும் வழியில்லை,
தண்ணீர் போய்ச் சேருமுன் கல்லாகிவிடும்.
உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பு என்றுதான்
ஞானோபதேசத்தில் படித்தோம்.
இவ்வளவு குளிர் என்று யாரும் சொல்லவில்லை.

பில்லுக்குக் கீழே கட்டம் கட்டமாக:
தொடர்ந்து வைத்திருக்க.
ஆராய்ச்சிக்குத் தர.
அப்புறப்படுத்த.
காலையில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பள்ளி உடுப்போடு தெக்லா எட்டிப் பார்த்து
'டிக் போடணுமாம்மா, நான் போடட்டா?' என்றாள்.
வெடுக்கென்று பிடுங்கினேன். ஓரம் கிழிந்தது.
அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்த கஸ்பார்
கைப்பையைக் கூட இறக்காமல்
முதல் கட்டத்தில் டிக் போட்டார்.
கிழிந்த இடத்தை டேப் வைத்து ஒட்டினார்,
நகத்தால் இரண்டு முறை தேய்த்து.
'இன்னொரு வருஷம்' என்றார்.

மிஞ்சிய மெழுகுவர்த்திகள்
சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன.
கரண்ட் போனாலும் அதை எடுக்க வேண்டாம் என்று
வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.