வியாழக்கிழமை தம்போலா

வியாழன் மாலை ஆறு மணிக்கு முன்பே
கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிடும்.
ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி சுபேதார் தம்பையாவுடையது;
எழுதி ஒட்டவில்லை,
யாரும் உட்காருவதுமில்லை.
டிக்கெட் பத்து ரூபாய்.
கட்டத்தை மூட அவரவர் கொண்டுவருவது
காப்பிக் கொட்டை, சட்டைப் பொத்தான்,
தீர்ந்த மாத்திரை அட்டையில் நறுக்கிய வெள்ளித் துண்டு.
நான் அவரை விதை. கோத்தகிரிச் சந்தையில் வாங்கியது.
மடியில் முளைத்துவிடும் என்பார்கள்.

எண் கூப்பிடுவது ரெஜினா பெர்னாந்து,
இருபத்தெட்டு வருஷம் டிரங்க் கால் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்.
ஐந்து, நான்கு. ஐம்பத்து நான்கு.
மறுமுனையில் யாரோ பென்சில் தேடுகிறார்கள் என்பதுபோல்
சற்றுப் பொறுத்து
மீண்டும் ஒருமுறை சொல்வார்.
காது கேளாத போஜனுக்கு விரல்களால் காட்டுவார்.

ஒன்பதாம் அறைக்கும் ஒரு டிக்கெட் எடுக்கிறோம்.
கோமதிநாயகம் ஆனியில் போய்விட்டார்.
பத்து ரூபாயை யார் போடுகிறார்கள் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

சௌதாமினி என்னோடு பேசிப் பதினொரு நாள்.
கூரையில் சூரியத் தகடு இருக்கிறது,
ஆடி மாதத்தில் சூரியன்தான் இல்லை.
காலையில் வருவது நான்கு வாளி வெந்நீர்.
ஆறு நாற்பது அவருடைய முறை.
ஆறு முப்பத்தைந்துக்கு எடுத்தது நான்.
முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றால்
தம்பையா வழியாகத்தான் கேட்பார்,
உப்பும் தம்பையா வழியாகத்தான் போகும்.

இருபத்தாறாவது எண்ணில் கரண்ட் போனது.
அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே
மஞ்சுக்குள் இன்னும் அடர்த்தியாக ஏதோ மூச்சுவிட்டது.
காட்டெருமை.
எங்களுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில்
பீன்ஸ் பாத்தியில் நின்றது.
செல்போனை அணையுங்கள், வெளிச்சத்துக்கு வரும்
என்றார் தம்பையா.
வருமா என்று யாருக்கும் தெரியாது.
ஆனாலும் சுபேதார். அணைத்தோம்.

ஆட்டத்தை நிறுத்தவில்லை ரெஜினா.
மரக்காயில் செதுக்கிய எண்ணைக்
கட்டைவிரலால் தடவிக் கூப்பிட்டார்.
ஒருமுறை வெகுநேரம் தடவிவிட்டு
ஆறா ஒன்பதா தெரியவில்லை என்று
பைக்குள்ளேயே திருப்பிப் போட்டார்.
எங்கள் டிக்கெட்டில் என்ன இருந்ததென்று
எங்களுக்கே மறந்துபோயிருந்தது.
அதற்குள் இரண்டு பேர் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஹீட்டர் ஆறியது. போஜன் நடுங்குவது
நாற்காலிக் கால் தரையில் தட்டுவதில் கேட்டது.
மூலை அலமாரியில் கம்பளி இருக்கும்.
எழுந்தேன்.

பிலிம் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம்
விளக்கே இல்லாத அறையில் வேலை.
ஒளி பட்டால் சுருள் பாழ்.
ஒருவர்மேல் ஒருவர் மோதாமலிருக்க
நடக்கும்போதெல்லாம் குரல் கொடுப்போம்:
ஆள் வருது, ஆள் வருது.
ஓய்வுபெற்ற பிறகு அதைச் சொல்லவே
தேவை இருந்ததில்லை.
வாய் தானாகச் சொன்னது.

"எந்த ஆளு?"
சௌதாமினியின் குரல், முழங்கை தூரத்தில்.

"ஆறு முப்பத்தைந்து ஆளு."

யாரோ தும்மினார்கள்.
ரெஜினா எழுபத்து மூன்றை
மூன்றாவது முறை சொன்னார்.
கம்பளியை போஜன் தோளில் போர்த்தும்போது
அவருடைய உள்ளங்கையில் ஒரு விரல்
ஏழு எழுதி, மூன்று எழுதிக்கொண்டிருந்தது.
என் கை தட்டியும்
அந்த விரல் நிற்கவில்லை.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
எருமை எப்போது போனதென்று தெரியவில்லை.
பீன்ஸ் பாதி இல்லை.
ஒன்பதாம் அறை டிக்கெட்டில்
மூன்றே கட்டம் மூடியிருந்தது.
இருந்தபோதும் அவருக்கு இவ்வளவுதான் விழும்
என்றார் தம்பையா.
ஆறிப்போன சாம்பாரை நோக்கி
வரிசையாக நடந்தோம்.

மறுநாள் ஆறரைக்கே வாளியோடு போனேன்.
குழாயடியில் ஏற்கெனவே ஒரு வாளி
நிறைந்துகொண்டிருந்தது, நீல வாளி.
தாழ்வாரம் முழுக்க மஞ்சு.
அதற்குள்ளிருந்து செருப்புச் சத்தம்,
பிறகு,
அவசரமேயில்லாமல்:
ஆள் வருது.