ஆறாவது குழி

குவோபியோ. பிப்ரவரி.
ஏரி உறைந்து அதன்மேல் லாரிகள் போகின்றன.

இலோமான்சியிலிருந்து வந்த பெட்டியில்
ஐந்து குழாய்கள்.
மரம் வெட்டுபவர்கள் மூவர், ஒரு தபால்காரி,
பால் பண்ணைக்காரன் ஒருவன்.
பெயர் கிடையாது.
எண்ணும் தொழிலும் மட்டும் எழுதினால் போதும்
என்பது மேலிடத்து உத்தரவு.

சுழலியிலோ ஆறு குழிகள்.
நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்று.
எதிரெதிர்க் குழிகளில் எடை மயிரிழை பிசகினாலும்
அச்சு முறிந்து சுவரைத் துளைக்கும் என்று
பயிற்சியில் படம் காட்டினார்கள்.
ஓட்டை விழுந்த அந்தச் சுவரில்
நாட்காட்டி ஒன்று
நேராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவது குழிக்கு வழக்கமாக உப்புநீர்.
இன்று காலை, புதிதாகச் சேர்ந்த ஹில்யா
ஊசி பழக என் கையைக் கேட்டாள்.
மூன்றாம் குத்தில்தான் நரம்பு அகப்பட்டது.
நான் அப்போது காபிகூடக் குடித்திருக்கவில்லை.
எடுத்த ரத்தத்தைக் கொட்டுவானேன்?
வைத்தேன்.

செய்முறை எளிது. கொழுப்பை யாரும் தொடுவதில்லை.
அதைச் சுற்றியுள்ள நீரைத்தான் கனமாக்குகிறோம்.
பொட்டாசியம் புரோமைடை நிறுத்து,
கட்டியில்லாமல் கரைத்து,
குழாய்க்குள் விட்டால்
அதுவரை மூழ்கிக் கிடந்தது
மிதக்கத் தொடங்கும்.
பாரம் ஏறியதால் மேலே வருவது
இந்த அறையில் மட்டும் நடக்கிற காரியம்.

மூடியைத் திருகி, காற்றை உறிஞ்சி,
நாலு டிகிரியில் ஓடவிட்டேன்.
இருபத்து நான்கு மணிநேரம்.
முதலில் அது முனகும்,
பிறகு அறை அதன் குரலுக்குப் பழகிவிடும்,
நிறுத்தும்போதுதான்
இத்தனை நேரம் சத்தம் இருந்ததே தெரியும்.

நடுவே சாப்பிட்டேன்.
கம்பு ரொட்டி, அதைவிடத் தடிமனாக வெண்ணெய்.
இந்தப் பக்கத்தில் கொழுப்பு என்றால் திமிர் அல்ல,
மார்ச் வரை தாக்குப்பிடிக்க வைத்திருக்கும் கையிருப்பு.

மறுநாள் இரவு வெளியே எடுத்தேன்.
ஐந்திலும் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை,
தபால்காரிக்கு மெல்லிய நூல்,
மரம் வெட்டுபவர்களுக்குச் சுண்டுவிரல் நகம்.
ஆறாவதில்
கட்டைவிரல்.

எதையோ மாற்றி வைத்துவிட்டேன் என்று
எண்களைத் திரும்பப் பார்த்தேன்.
பிறகு இன்னொரு முறை.

குழாயைக் குறுக்கே வெட்டி,
மேல் பாதியை உறிஞ்சி,
அமிலம் விட்டு,
பச்சை ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.
மற்றவை இளம்பச்சையில் நின்றன.
என்னுடையது ஊசியிலைக் காடாக இருண்டது.
ஒளிமானியின் முள் வலப்பக்கம் போய்
திரும்பி வருவதாக இல்லை.
நீர்த்து, மறுபடி அளந்து, பெருக்கினேன்:
முந்நூற்று நாற்பத்திரண்டு.

அண்ணன் உர்ஹோ முப்பத்தெட்டு வயதில்
மரத்தின் மீது சாய்ந்து உட்கார்ந்தான்,
இளைப்பாறுகிறான் என்று நினைத்து
குதிரை வெகுநேரம் பேசாமல் நின்றது.
களைப்பு, என்றார் பாதிரியார்.
குளிர், என்றார்கள் அயலார்.
அம்மா எதுவும் சொல்லவில்லை,
அவள் அப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்தார்.

பதிவேட்டில் ஐந்து வரிகள் எழுதினேன்.
ஆறாவது வரி அங்கே இருக்கக் கூடாது.
ஆனாலும் எழுதினேன்.
தொழில் என்ற கட்டத்தில் சற்று யோசித்து,
'எதிர் எடை' என்று போட்டேன்.

காலையில் ஹில்யா கேட்டாள்,
ரத்தம் சிதையாமல் வந்ததா என்று.
நன்றாக எடுத்திருக்கிறாய், என்றேன்.
அது பொய்யில்லை.

அடுத்த செவ்வாய் அண்ணன் மகன் வருகிறான்.
பதினோரு வயது. ஊசி என்றால் பயம்.
தொலைபேசியில் வேறெதுவும் சொல்லவில்லை,
காலையில் சாப்பிடாமல் வா என்றேன்.
பேருந்தில் பசிக்குமே, என்றான்.
திரும்பும்போது ரொட்டி வாங்கித் தருகிறேன், என்றேன்.
வெண்ணெய் தடவியா, என்றான்.