முதல் நடை

பைபாஸ் ரோட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில்
எனக்கென்று ஒரு சுவர் நிறையப் புள்ளிகள்.
பச்சை என்றால் நேரத்துக்கு ஓடுகிறது.
ஆரஞ்சு என்றால் தாமதம்.
சாம்பல் என்றால் சிக்னல் போச்சு,
அல்லது ஓட்டுநர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.
மதுரை எனக்கு இப்படித்தான் பழக்கம்:
ஆரப்பாளையம் ஹாரன் இல்லாமல்,
சிம்மக்கல் வேர்வை இல்லாமல்.

நாகமலை புதுக்கோட்டையில் விடிகாலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பும்
முதல் நடையை நிறுத்திவிடலாம் என்று
போன மாதம் மென்பொருள் யோசனை சொன்னது.
பயணிகள் முப்பத்தொன்பது.
வசூல் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
முப்பத்தொரு சீட்டில் கட்டணம் சைபர்.
கூடவே ஒரு குற்றச்சாட்டு:
அச்சம்பத்துக்கும் விராட்டிபத்துக்கும் நடுவே
அனுமதியில்லாத நிறுத்தம், நாற்பது விநாடி,
தினமும்.

விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டேன்.
நடத்துநர் ஒச்சுக்காளை போனில்தான் பேசினார்:
"ஒரு நா வந்து ஏறிப் பாருங்க மேடம்.
புள்ளி எதுக்கு நிக்கிதுன்னு
புள்ளிகிட்டயே கேட்டுக்கிரலாம்."

போனேன்.
கதவில்லாத மோட்டார் ரூம் ஒன்று இருட்டுக்குள்.
வண்டி வேகம் குறையும் முன்பே
செல்போன் வெளிச்சங்கள் ஆடின.
தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி,
இடுப்பில் சுருட்டிய சாக்கு.
வெங்காயம் தரம் பிரிக்கப் போகிறவர்கள்.
பெரியாரில் இறங்கி, கீழமாரட் வீதிக்கு நடந்து,
லாரியில் தார்ப்பாய் அவிழ்ப்பதற்குள் உட்கார்ந்தாக வேண்டும்.
பிந்தினால் மூட்டை வேறு ஆளுக்கு.

கருவி கர் கர்ரென்று சீட்டைத் துப்பியது.
வாங்கி வளையலுக்குள் செருகிக்கொண்டார்கள்.
"இருவத்தொம்பதுதான் இருக்கு," என்றார் ஒச்சுக்காளை.
"முத்துராக்கும் அவ மகளும் எங்க?"
"காய்ச்சலு. மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்காக."
இந்தத் தகவல்
என் சுவருக்கு வந்ததே இல்லை.

முன்சீட்டுக்காரர் ஒருவர்
'ஓசி' என்று ஏதோ முனகினார்.
சோலையம்மா திரும்பவே இல்லை:
"நாங்க இம்புட்டுப் பேரு ஏறப்போயித்தேன் வண்டி வருது.
இல்லாட்டி நீரு நடந்துல்ல போகணும்."
வண்டி சிரித்தது.
என் பைக்குள் அந்த யோசனை,
நாலாக மடித்து.

நிறுத்தத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதுதான் தப்பு.
மொட்டைப்பனை என்றாள் ஒருத்தி.
அந்தப் பனையை வெட்டி ஆறு வருசம் ஆச்சு என்றாள் இன்னொருத்தி.
காளவாசல் சிக்னல் வரைக்கும் சண்டை.
கடைசியில் பம்பு செட்டு.

அலுவலகம் திரும்பி வரைபடத்தில் வட்டம் போட்டேன்,
ஐம்பது மீட்டர்.
ஆங்கில எழுத்தில்தான் பெயரைத் தட்டச் சொன்னது.
தட்டினேன்.
நிறுத்தும் யோசனைக்கு 'வேண்டாம்' அழுத்தினேன்.
மூன்று மாதம் கழித்து அது மறுபடி கேட்குமாம்.

நாலாம் நாள்
வண்டியின் ஒலிபெருக்கிப் பெண்
சுத்தமான குரலில் அறிவித்தாள்:
"அடுத்த நிறுத்தம், பாம்பு செட்டு."
மறுநாள் உள்ளே இருந்தபடி அதைக் கேட்ட சோலையம்மா
காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாளாம்.
ஒச்சுக்காளைக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை,
போனிலேயே இருமல் வந்துவிட்டது.

புகார் பதிந்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.
அதற்குள் மொட்டைப்பனைக்காரி உட்பட எல்லாரும்
பாம்பு செட்டு என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.
திருத்தினால் சண்டைக்கு வருவார்கள் போல.

இன்றைக்குப் புள்ளி ஆரஞ்சு.
நாலு நிமிடத் தாமதம், காரணம் தெரியவில்லை.
போன் செய்யவில்லை.
சைபர் சீட்டு எத்தனை என்று மட்டும் பார்த்தேன்.
நேற்று முப்பது.
இன்று முப்பத்தொன்று.
மகளுக்கும் காய்ச்சல் விட்டிருக்கும்.