ஆணி ஏறவில்லை

லிங்கராஜபுரம் மூன்றாவது கிராஸில்
இந்தப் புங்க மரத்துக்கு
ஆணி அடித்தவள் நான்தான்.
'உயிரியல் டியூஷன், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை'
தகரத்தில் எழுதி, என் தோளுயரத்தில்,
நாலு அங்குல ஆணி.
திசுக்களைப் பற்றிப் பாடம் எடுக்க
ஒரு மரத்தின் திசுவைத் துளைத்து விளம்பரம்.
அன்று அது உறைக்கவில்லை.
வாடகை உறைத்தது.

முதல் வாரமே ஜோவிட்டா கேட்டாள்:
"மரம் வளந்தா போர்டும் மேல போயிடுமே மிஸ்,
அப்புறம் காக்காதான் டியூஷனுக்கு வரும்."
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
பதில் சொன்னதாக நினைவில்லை.
சிலபஸில் இல்லாத கேள்வி.

பதினேழு வருடம்.
தகரம் துருப்பிடித்து எந்த மழையிலோ போயிற்று.
மரம் மூன்றாம் மாடிக் கொடிக்கயிற்றைத் தாண்டி நிற்கிறது.
ஆணி அங்கேயேதான்.

உச்சியில் கடுகளவு ஆக்குத்திசு,
வேர்முனையில் இன்னொரு கடுகு.
நீளும் வேலை அந்த இரண்டு முனைகளில்தான்.
நடுவில் உள்ளதெல்லாம்
ஏற்கெனவே ஏதோ ஒன்றாகிவிட்டது.
ஆனது மேலே நகராது.

பெஸ்காம் ஆட்கள் ஒயருக்காக உச்சியை வெட்டும்போதெல்லாம்
இலைக்கக்கத்தில் தூங்கிய மொட்டுகள் எழுந்து
இருபுறமும் கிளம்பும்,
ஒயரை நடுவே விட்டு.

உள்ளே சைலம்:
செத்த பிறகே வேலைக்குச் சேரும் செல்கள்.
உள்ளிருந்ததையெல்லாம் ஒழித்து, வெறும் சுவராய் நின்று,
வாரம் இரண்டு நாள் காவேரித் தண்ணீர் வரும் தெருவில்
மோட்டார் இல்லாமல் மாடிக்கு நீர் ஏற்றுகின்றன.
வெளியே புளோயம்:
கருவைத் தொலைத்து, துணைச்செல்லின் தயவில் உயிர் பிழைத்து,
இலை சமைத்ததை இருட்டிலுள்ள வேருக்குக் கொடுத்தனுப்புவது.
என் ஆணி முதலில் கிழித்தது அதைத்தான்.

இரண்டுக்கும் நடுவே கேம்பியம்,
ஈரத்தாள் போல ஒரு படலம்.
உள்பக்கம் மரம், வெளிப்பக்கம் பட்டை,
வருடா வருடம் இடுப்பைப் பெருக்கி
ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது அதுதான்.

இந்த ஞாயிறு
மரங்களின் ஆணி பிடுங்க வார்டு இளைஞர்கள் வந்தார்கள்.
யூனுஸ் கையில் குறடு, காலடியில்
பாதி நிறைந்த பெயிண்ட் டப்பா.
"ஈ மொளெ யாரு ஹொடெத்ரு மேடம்?"
"கொத்தில்ல" என்றேன்.
பொய்யைக் கன்னடத்தில் சொல்வது கொஞ்சம் சுலபம்.

குறடு இரண்டு முறை வழுக்கியது.
தலை மட்டும் தெரிந்தது,
சுற்றிலும் தடித்த உதடுகள்.
"பிடுங்கினா புண்ணு பெருசாகும்" என்று
அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.
அவன் டப்பாவில் மற்றவர்கள் அடித்தவை குலுங்கின.

பூ உதிர்ந்து கிடந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே
மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தேன்.
தோளுக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கிறது.

ஆணி ஏறவில்லை, ஜோவிட்டா.
நான்தான் இறங்கியிருக்கிறேன்.