துப்பாமல்

என் வேலை துப்புவது.
காலையில் இருநூறு கோப்பை,
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி.
காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கின் மேல் ஓடவிட்டு,
சில்லு வைத்த தொட்டியில் துப்பிவிட்டு
அடுத்ததற்கு நகர்வேன்.
துடிப்பு உண்டு. நிறம் போதாது. இது அடுப்பில் தீய்ந்தது.
கொழும்பில் விலை அப்படித்தான் பிறக்கிறது.

பண்டாரவளையில் வேலை முடித்துத் திரும்பும்போது
இதல்கஸ்ஹின்னையில் மண் சரிந்து
ரயில் ஹப்புத்தளையிலேயே நின்றுவிட்டது.
தேத்தண்ணி இல்லாத ஒரு கடை தேடினேன்.
அந்த ஊரில் அது லேசில்லை.
மூன்று கடையில் நான் உட்காருமுன்
பிளேன்டீ உட்கார்ந்துவிட்டது.
நாலாவது ஒரு பழைய கராஜ்.
கதவில் சோக்கால்:
பியர். இங்கேயே காய்ச்சியது.

ரப்பர் பூட்ஸோடு ஒருத்தி, ஜெயசீலி,
கிளாஸைச் சரித்துப் பிடித்து ஊற்றினாள்.
தேன் நிறம். ஆனால் கலங்கல்.
என் மேசையில் கலங்கல் என்றால் ஏலத்தில் நூறு ரூபாய் குறையும்.
பழக்க தோஷம், சத்தமாக உறிஞ்சினேன்.
"மிஸ், அது சூப் இல்லீங்க."
துப்ப இடம் தேடினேன்.
இடமில்லை.

முதலில் தோடம்பழத் தோல்.
பிறகு பாணின் கருகிய ஓரம்.
எல்லாம் போன பிறகு ஒரு கசப்பு,
வேப்பம்பூ வறுக்கிற வீட்டில்
அடுத்த அறைக்கு வருகிற அளவு.
பதினெட்டு வருஷமாகத் தொண்டைக்கு நான்
எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

"தேயிலை போட்டிருக்கீங்களா?"
"ஐயோ, அது மட்டும் வேணாம்.
நாலு தலைமுறை அதுக்குப் போட்டது போதும்."

சைப்ரஸில் ஒரு மலைக்கிராமம், வீட்டு வேலை.
ஊர் முழுக்கத் திராட்சை, ஊர் முழுக்க வைன்.
ஞாயிறு லீவில் இவள் போனது
எல்லோரும் கேலி செய்த ஒருவனின் தகரக் கொட்டகைக்கு.
அங்கே கழுவினாள், கிளறினாள், கேட்டாள்.
நாலு வருஷம். வரும்போது பெட்டியில்
தங்கச் சங்கிலி இல்லையென்று மாமியார் இன்னும் பேசுவதில்லை.

"ஃபேக்டரியில இலையைப் புளிக்க வைக்கிறோம்னு சொல்வாங்க.
அது புளிக்கிறதே இல்ல மிஸ், காத்து பட்டுச் சிவக்குது.
புளிக்கிறதுன்னா இது. காதை வைங்க."
வைத்தேன்.
நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்க்குள்
யாரோ தூக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
கதவுக்கடியால் மூடுபனி வந்து
என் செருப்பை நனைத்தது. நான் நிமிரவில்லை.

விலை எழுநூறு.
ஊரெல்லாம் விலை வைக்கிற நான்
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
வழிக்கு ஒரு போத்தலும் வாங்கினேன், மேலே நூறு:
"போத்தலைக் கொண்டுவந்தா திருப்பித் தருவேன்."

மறுநாள் காலை, கொழும்பு, முதல் கோப்பை.
உறிஞ்சினேன்.
விழுங்கிவிட்டேன்.
பக்கத்தில் குறிப்பெழுதும் பையன் பேனாவோடு காத்திருந்தான்.
"என்ன எழுத மிஸ்?"

போத்தலைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
ஹப்புத்தளையில் எனக்கு
நூறு ரூபாய் வரவேண்டியிருக்கிறது.